பதினொரு வினாடிக் கதவு

“நான் திறக்கிற கதவை எவனாலயும் அவசரமா தாண்ட முடியாது. துப்பாக்கி வச்சிருந்தாலும் சரி, பீரங்கி வச்சிருந்தாலும் சரி. பதினொரு செகண்ட் நின்னு, நடுங்கிட்டுத்தான் உள்ள போகணும்!”

ஏழு வருடங்களுக்கு முன் ஒரு மத்தியானம், கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியின் மொட்டை மாடியில், கையில் காகிதக் கோப்பையோடு நின்று இவ்வாறு முழங்கியவருக்கு அன்று வயது முப்பத்தொன்பது. கூடியிருந்த இருபத்துமூன்று பேரும் கைதட்டினார்கள். கோப்பையில் இருந்தது வெறும் ஆரஞ்சு ஜூஸ்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. பிற்காலத்தில் அவரைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர்கள் வீணாகக் குழம்பக் கூடாது.

அவர் அந்தக் கம்பெனியின் ஒலிப்பதிவாளர். கம்பெனி அப்போது ஒரு பேய் விளையாட்டை வெளியிட்டு, ஊர் உலகமெல்லாம் பேர் வாங்கியிருந்தது. கதை எளிமையானது. பாழடைந்த ஒரு விடுதிக்குள் நாயகன் மாட்டிக்கொள்கிறான். அவனிடம் ஒரு டார்ச் லைட், ஒரு கைத்துப்பாக்கி, ஆறு குண்டுகள். விடுதிக்குள் மூஞ்சியில்லாத உருவங்கள் மூன்று. விளையாடுகிறவர் ஒவ்வொரு அறையாகக் கதவைத் திறந்து போக வேண்டும். ஒவ்வொரு கதவும் திறக்க முழுசாகப் பதினொரு வினாடி எடுத்துக்கொள்ளும். அந்தப் பதினொரு வினாடியும் திரை முழுக்க இருட்டு. கதவு முனகும் சத்தம் மட்டும் கேட்கும். அவ்வளவுதான். பெரிய பெரிய ஆண்பிள்ளைகள் எல்லாம் அந்த இடத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பாத்ரூம் போனார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு விமர்சகர், ‘பயம் என்பது என்ன என்று இந்தக் கதவைச் செய்தவருக்குத் தெரியும்’ என்று எழுதினார். ஒலிப்பதிவாளர் அதைக் கத்தரித்து, கண்ணாடி போட்டு, தன் ஒலி அறையில் மாட்டினார். அன்றிலிருந்து ஆபீஸில் அவருக்குப் பெயரே ‘கதவு’ என்று ஆகிவிட்டது.

“கதவு வந்தாச்சா?”

“வந்தாச்சு. ஆனா சாத்தியிருக்கு. கிட்டப் போகாத.”

இதெல்லாம் அங்கே சகஜமான பேச்சு. அவருக்கும் அதில் வருத்தமில்லை. சொல்லப்போனால், போனில் பேசும்போது “நான் கதவு பேசறேன்” என்று அவரே சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அவருடைய ஒலி அறை பத்தடிக்கு எட்டடி. சுவரெல்லாம் கம்பளம். உள்ளே பதினான்கு கதவுகள், சட்டத்தோடும் கீலோடும் நிற்கும். எந்தக் கதவும் எங்கேயும் திறக்காது. பழைய கட்டடங்களை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் ஓடிப்போய், அங்கே கிடக்கும் கதவுகளை ஒவ்வொன்றாக அசைத்து, கண்ணை மூடிக் காது கொடுத்துக் கேட்பார். “தேக்கு சார், நல்லா உழைக்கும்” என்று கடைக்காரர் சொன்னால், “உழைக்கறது இருக்கட்டும், அழுமா?” என்று கேட்பார். கடைக்காரர்கள் அவரிடம் பேரம் பேசுவதை விட்டுவிட்டார்கள். சீக்கிரம் அனுப்பிவிடுவதில்தான் குறியாக இருந்தார்கள்.

ஆனாலும் அந்தப் புகழ்பெற்ற முனகலின் மூலஸ்தானம் அந்தப் பதினான்கில் எதுவும் அல்ல. அது அவர் வீட்டுப் பாத்ரூம் கதவு. அதன் நடுக்கீலில்தான் அந்தச் சத்தம் குடியிருந்தது. ஆகவே வீட்டில் எந்தக் கீலுக்கும் எண்ணெய் விடக் கூடாது என்று அவர் சட்டம் போட்டிருந்தார். அவர் மனைவி பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டுமோ அத்தனை மணிக்கு விசில் ஊதிக் கிளப்பிவிடுவது அவர் உத்தியோகம். காலை ஐந்தரை மணிக்குக் குளிக்கப் போகும் அந்த அம்மாள், ஏழு வருடமாகத் தெருவுக்கே அறிவித்துவிட்டுத்தான் குளிக்கப் போனார்.

“ஏங்க, நான் பல் தேய்க்கப் போறது எதிர் வீட்டுக்காரருக்கு எதுக்குங்க தெரியணும்?”

“அது சத்தம் இல்லம்மா. அது என் சொத்து.”

“சொத்துன்னா பூட்டி வைங்க. இது திறக்கும்போதெல்லாம் ஊளையிடுது.”

ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்த மச்சினன், நல்ல மனசோடு ஒரு எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு அந்தக் கதவை நெருங்கினான். அவனைத் தடுக்க நம்மவர் பாய்ந்த வேகத்தை, பிற்பாடு அதே கம்பெனி விற்பனை செய்த எந்த விளையாட்டிலும் யாரும் பார்த்ததில்லை.

இப்படி ஏழு வருடம் போன பிறகு, கம்பெனி இரண்டாம் பாகம் எடுக்கத் தீர்மானித்தது. அதை இயக்குவதற்குப் புதிதாக ஒரு அம்மையார் வந்தார். வயது முப்பத்திரண்டு. அதற்கு முன்னால் கார் பந்தய விளையாட்டுகள் செய்தவர். எல்லோரும் அவரை மேடம் என்றார்கள். முதல் கூட்டத்திலேயே மேடம் தன் கொள்கையை நின்றுகொண்டே அறிவித்தார். உட்காரும் வழக்கம் அவருக்கு இல்லை.

“பயந்தா ஆளு நின்னுடறான். நின்னா போர் அடிக்குது. போர் அடிச்சா மூடி வச்சிட்டு வேற விளையாட போயிடறான். அதனால இந்தப் பாகத்துல யாரும் எங்கயும் நிக்கவே கூடாது.”

கொள்கைப்படி எல்லாம் மாறியது. நாயகனுக்கு இரண்டு கையிலும் துப்பாக்கி. குண்டு தீரவே தீராது. அவன் சுவரில் ஓடுவான், விளக்கில் தொங்குவான், தொங்கிக்கொண்டே சுடுவான். டார்ச் லைட்டைப் பிடுங்கிவிட்டு விடுதி முழுக்க டியூப் லைட் போட்டார்கள். இருட்டாக இருந்தால் சுடுவதற்கு இடைஞ்சலாம். மூன்று பேராக இருந்த மூஞ்சியில்லாதவர்கள் முந்நூற்று நாற்பது பேர் ஆனார்கள். முதல் பாகத்தில் எப்போது வருவார்கள் என்று தெரியாமல் வந்தவர்கள், இப்போது டோக்கன் வாங்கியதுபோல வரிசையாக வந்து, முறையாகச் செத்தார்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கதவுகள். ஒவ்வொன்றையும் நாயகன் ஓடிக்கொண்டே உதைப்பான். அரை வினாடி.

“சார், எனக்கு ஒரு ‘டமால்’ வேணும்,” என்றார் மேடம்.

“டமாலா?”

“ஆமா சார். நல்ல கெத்தா, ஒரே ஒரு டமால். அதையே இருநூத்திப் பன்னெண்டு தடவை போட்டுக்கலாம்.”

“மேடம், டமால்ங்கறது சத்தமே இல்ல. அது விபத்து.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கதவு எழுந்து நின்று, தன் வாழ்நாளின் இரண்டாவது பெரிய உரையை ஆற்றினார். பதினொரு வினாடி என்பது சும்மா வந்த எண்ணல்ல. முதல் மூன்று வினாடி சந்தேகம். அடுத்த மூன்று வினாடி பயம். அப்புறம் மூன்று வினாடி, ‘ஒண்ணும் இருக்காது’ என்ற பொய்த் தைரியம். கடைசி இரண்டு வினாடி அந்தத் தைரியத்தின் சாவு. மனித இதயத்தைப் பக்கத்தில் வைத்து எண்ணிக் கண்டுபிடித்த கணக்கு இது என்றார். ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த புரோகிராமர் மட்டும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அவர் முதல் பாகத்திலிருந்தே இருக்கிறவர். கதவுக்கு நெடுநாள் நண்பர்.

மேடம் கெட்டவர் அல்ல. வேகமானவர், அவ்வளவுதான். “சரி சார்,” என்றார். “கடைசிக் கட்டத்துல, நிலவறைக்குப் போற வழியில ஒரே ஒரு கதவு. உங்க பதினொரு செகண்ட் அப்படியே வைக்கறேன். ஆனா அங்கயும் சிவப்புப் பட்டன் இருக்கும். அமுக்கினா உதைச்சுத் திறந்துடலாம். வெளியிலேர்ந்து பத்து பேரைக் கூப்பிட்டு விளையாட விடுவோம். பாதிப் பேர் பட்டனைத் தொடாம நின்னாங்கன்னா, கதவு உங்களுது. இல்லன்னா டமால்.”

“ஒருத்தன் தொட மாட்டான் மேடம். ஒருத்தன்!”

“நீங்க விளையாடிப் பார்த்திருக்கீங்களா சார்?”

“டாக்டர் தனக்குத் தானே ஆபரேஷன் பண்ணிப்பாரா மேடம்?”

உண்மையும் அதுதான். இத்தனை வருடத்தில் அவர் ஒரு விளையாட்டைக்கூட விளையாடியதில்லை. விளையாடும் கருவியைக் கையில் பிடித்ததுகூட இல்லை.

அந்தக் கதவு போய்விட்டால் அவருக்கு அங்கே என்ன வேலை என்பது யாருக்கும் தெரியவில்லை. டமால் என்று ஒரு தடவை பதிவு செய்ய ஒரு ஆள், ஒரு அறை, பதினான்கு கதவுகள் எதற்கு? மேடத்தின் மேஜையில் இருந்த ஆபீஸ் வரைபடத்தில், ஒலி அறை இருந்த இடத்தில் ‘மேஜை டென்னிஸ்’ என்று பென்சிலால் எழுதியிருந்ததை நம்மவரே தலைகீழாகப் படித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் புரோகிராமர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“யோவ், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அந்தப் பதினொரு செகண்ட்…”

“என்ன?”

“அது இதயமும் இல்ல, ஈரலும் இல்லய்யா. அப்போ நம்ம மிஷின்லாம் மெதுவு. ஒரு ரூம்லேர்ந்து அடுத்த ரூமைக் கம்ப்யூட்டர்ல ஏத்தறதுக்குப் பதினொரு செகண்ட் ஆச்சு. அதுவரைக்கும் ஸ்க்ரீனை இருட்டா வச்சு, ஏதாவது சத்தம் போட்டு ஆளை உக்கார வைக்கணும். அதான் உன்கிட்ட வந்து கரெக்டா பதினொண்ணு வேணும்னு கேட்டேன்.”

கதவு ஒரு படி கீழே இறங்கி, மறுபடி அதே படியில் ஏறினார்.

“ஏழு வருஷமா ஏன்யா சொல்லல?”

“நீ எங்கயா சொல்ல விட்ட? கேம் பேர் வாங்கின மறுநாளே மொட்டை மாடியில ஏறி நின்னு மைக் இல்லாம கத்தற. அப்புறம் கண்ணாடி போட்டு மாட்டிட்ட. இப்போ புது மிஷின்ல ரூம் அரை செகண்ட்ல ஏறிடுது. நிக்க வைக்க ஒரு காரணமும் இல்ல.”

கதவு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு தெளிவாக, ஒரு நீதிபதியின் நிதானத்தோடு தீர்ப்பளித்தார்: “மிஷினுக்கு அது தேவை. ஆனா மனுஷனுக்கும் அதே பதினொண்ணுதான் தேவைன்னு மிஷினுக்கு எப்படித் தெரிஞ்சுது பாரு! அதுதான்யா கலை.”

புரோகிராமர் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். “பதினொரு செகண்டா?” என்றார். “அதுக்குள்ள என் டிப்போல ரெண்டு பஸ் கிளம்பிடும்.”

“நீ மட்டும் அந்த இடத்துல இருந்தா நிப்பியா, உதைப்பியா?”

“நான் எதுக்குங்க அந்த ஆள் இல்லாத விடுதிக்குப் போகப் போறேன்?”

வாழ்க்கையில் இப்படிப்பட்ட பதில்களோடுதான் ஒரு கலைஞன் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. இரண்டாம் பாகத்துக்காக மூஞ்சியில்லாதவர்களின் காலடிச் சத்தத்தை அவர் பதிவு செய்தபோது, ஈர மணல் நிரப்பிய தட்டின்மேல் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நடந்தது அந்த அம்மாள்தான். “வேகமா நடக்காதம்மா, நீ பேய்” என்று இவர் சொல்ல, “பேய்க்கும் வேலை இருக்காதா?” என்று அவர் கேட்டுக்கொண்டே நடந்தார்.

டமாலையும் நம்மவர் பதிவு செய்து கொடுத்தார். வேண்டா வெறுப்பாக, பதினான்காம் கதவை ஒரே ஒரு உதை. கேட்டுப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது.

சோதனை ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நடந்தது. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் மேடம் இரண்டு தலைப்பு எழுதினார்: ‘நின்றார்’, ‘உதைத்தார்’. வந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து கடைசிக் கட்டத்தை விளையாட, அந்தக் கதவு வந்ததும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து ஒரு கோடு போடுவது ஏற்பாடு. நம்மவர் பின்னால் கைகட்டி நின்றார்.

முதலில் வந்த ஆசிரியர் கதவைக் கண்டதும் உதைத்தார். அடுத்து வந்த நர்ஸ் உதைத்தார். “நின்னு கேட்டிருக்கலாமேம்மா” என்று இவர் சொன்னதற்கு, “வார்டுல கேக்காத முனகலா சார்?” என்றார். மூன்றாவது ஆள், ஒரு வங்கி ஊழியர், நின்றார். முழுசாகப் பதினொரு வினாடி நின்றார். கதவின் முகம் மலர்ந்தது. வங்கி ஊழியர் திரும்பி, “சார், கம்ப்யூட்டர் நின்னுபோச்சு போலிருக்கே” என்றார். ஆனாலும் கோடு கோடுதான். நான்காவது ஆள் நின்றார். அந்த நேரத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது ஆள் நின்றார். தண்ணீர் குடித்தார். ஆறாவதும் ஏழாவதும் அண்ணன் தங்கை. இருவரும் உதைத்தார்கள். தங்கை இரண்டு தடவை உதைத்தாள். எட்டாவதாக வந்தவர் ஒரு தச்சர். அவர்தான் அன்றைக்கு அந்தச் சத்தத்தை உண்மையிலேயே காது கொடுத்துக் கேட்டவர். நின்று, தலையைச் சாய்த்து, கடைசி வினாடிவரை கேட்டார்.

“எப்படி இருந்துது?” என்றார் நம்மவர்.

“நடுக்கீல் தேய்ஞ்சு போச்சுங்க. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா போதும்.”

ஒன்பதாவது ஆள் உதைத்தார். பலகையில் நின்றவர் நான்கு, உதைத்தவர் ஐந்து. பத்தாவது ஆள் நின்றால் பாதிக்குப் பாதி. கதவு பிழைத்துவிடும்.

பத்தாவது ஆள் வரவில்லை. பதினொன்றரை மணிக்குப் போன் வந்தது. புரோகிராமர் கேட்டுவிட்டு வைத்தார்.

“பஸ்ஸை விட்டுட்டானாம். இவன் ஓடி வர்றதைப் பாத்துக்கிட்டே இருந்து, டைம் ஆச்சுன்னு டிப்போல யாரோ ஒரு டைம் கீப்பரம்மா விசில் ஊதிட்டாங்களாம். பத்து செகண்ட்தான் லேட்டுன்னு அழறான்.”

அந்த விசிலை நம்மவருக்கு நன்றாகத் தெரியும்.

மேடம் பலகையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். வேகமானவர்களுக்கும் சில நேரம் மனசு இளகும்.

“சார், பத்தாவது ஆளா நீங்களே உக்காருங்க.”

“நானா?”

“விளையாடத் தெரியாத ஆளுதானே, அதுவும் ஒரு சோதனைதான். நாங்க ரெண்டு பேரும் கீழ போய் டீ குடிச்சிட்டு வர்றோம். கதவு வந்ததும் என்ன செஞ்சீங்களோ, நீங்களே போர்டுல ஒரு கோடு போட்டுடுங்க. நீங்க போடறதுதான் முடிவு.”

இது பரிசு என்று அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. ஒலிப்பதிவாளர், தான் செய்த கதவுக்கு முன்னால் நிற்காமல் வேறு என்ன செய்வார்? அவருக்கும் புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார். கருவியைத் தலைகீழாகப் பிடித்தார். புரோகிராமர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

“இது நடக்க. இது சுட. இந்தச் சிவப்பு உதைக்க. உனக்கு அது தேவைப்படாது.”

இருவரும் போனார்கள். அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

முதல் தாழ்வாரத்திலேயே செத்தார். விளையாட்டு பெருந்தன்மையோடு மறுபடி எழுப்பிவிட்டது. மறுபடி செத்தார். மூன்றாம் முறை, யாரும் சொல்லிக்கொடுக்காமலே கட்டைவிரலுக்கு ஏதோ பிடிபட்டது. நாயகன் ஓடினான். சுவரில் ஏறினான். விளக்கில் தொங்கினான். ஒரு மூஞ்சியில்லாதவன் குறுக்கே வந்தான். “வாடா!” என்றார் அவர், ஆள் இல்லாத அறையில் உரக்க. நாற்பத்தாறு வயதில் அவர் யாரையும் அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. இன்னும் நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரையும் தொங்கிக்கொண்டே முடித்தார். அடுத்து பன்னிரண்டு பேர். அவர் ஓடினார். பன்னிரண்டு பேரும் பின்னால் ஓடி வந்தார்கள். தாழ்வாரம் முடிந்தது. எதிரே கதவு. அவருடைய கதவு.

தொட்டார். திரை இருண்டது.

முதல் வினாடி. கீல் முனகியது. அது அவர் வீட்டுப் பாத்ரூம் என்று அவருக்குத் தெரியும். இரண்டாவது வினாடி. முனகல் நீண்டது. முதுகுக்குப் பின்னால் ஈரக் காலடிகள் கேட்டன. அது தட்டில் கொட்டிய மணல் என்றும், அதன்மேல் நடப்பது பழைய செருப்பு என்றும், செருப்புக்குள் இருப்பது தன் பெண்டாட்டி என்றும் அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? மூன்றாவது வினாடி. பிடரி மயிர் நிமிர்ந்தது. காலடிகள் கிட்ட வந்துவிட்டன. இந்தக் கதவு ஏன் இன்னும் திறக்கவில்லை? எவன் செய்தான் இந்தக் கதவை? நான்காவது வினாடி.

டமால்.

அறை அப்படியே இருந்தது. வெயில் ஜன்னல் வழியாக மேஜைமேல் விழுந்துகொண்டிருந்தது. அவர் கட்டைவிரல் சிவப்புப் பட்டனின்மேல் இருந்தது. அதை அவர், வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார். பலகைக்குப் போனார். பேனாவின் மூடியைத் திறந்தார். ‘நின்றார்’ என்பதன் கீழே நான்கு கோடுகள். இன்னொரு கோட்டுக்கு இடம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்கப்போவதும் இல்லை. முழுசாக ஒரு பதினொரு வினாடி அவர் அங்கே நின்றிருப்பார்.

மேடமும் புரோகிராமரும் திரும்பி வந்தபோது அவர் மறுபடி நாற்காலியில் இருந்தார். ஹெட்போன் காதில். இரண்டு கையும் கருவியில். முதுகு வளைந்து, மூக்கு திரையைத் தொட்டுவிடும்போல இருந்தது. உதைத்துத் திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் நிலவறையில், மூஞ்சியில்லாதவர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அறைக்கதவு திறந்த சத்தம் அவருக்குக் கேட்கவில்லை.

பலகையில் ‘உதைத்தார்’ என்பதன் கீழே ஆறு கோடுகள் இருந்தன. ஆறாவது கோடு மற்றவற்றைவிடச் சின்னதாக, நேராக இருந்தது.

மேடம் வாயைத் திறந்தார். புரோகிராமர் உதட்டில் விரலை வைத்து, மேடத்தைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே அழைத்துக்கொண்டு போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.